தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு: இழுக்கணுமா, விட்டுடணுமா?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எபிசோடு ஒரு முழம் மல்லிகைப்பூவில் ஆரம்பிக்குது.

2023 ஜனவரி. தங்கச்சிமடத்துல சொந்தக்காரங்க வீட்டுக் காதுகுத்து. பாம்பன் ரயில் பாலத்துல அப்போதான் ரயில் ஓட்டத்தை நிறுத்தியிருந்தாங்க, அதனால சென்னையிலிருந்து ராமநாதபுரம் வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ். காலையில போய் இறங்குறேன். எங்க பெரியம்மா என் தங்கச்சியைக் கூப்பிட்டு, "ஏத்தா, இந்தப் பூவை வச்சு விடு" அப்படீன்னு தலையைக் குனிஞ்சு உட்கார்ந்தாங்க. தங்கச்சி வச்சு விட்டா. நான் அதைப் போட்டோ எடுத்தேன். அழகா வந்துச்சு, ஸ்டேட்டஸ்லகூட போட்டேன்.

அது பாசத்துல கேட்டது இல்லை. அவங்களால வலது கையைத் தலைக்குப் பின்னாடி கொண்டுபோக முடியலை. எனக்கு அது புரிய ஏழு மாசம் ஆச்சு.

பெரியம்மாவுக்கு அப்போ 52 வயசு. பாக் நீரிணைப் பக்கம் கடல்பாசி வளர்க்குற வேலை. தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, அதுல வரிசையா கயிறு, கயிறு முழுக்கப் பாசித் துண்டுகளைக் கட்டி கடல்ல விடுவாங்க. சுமார் 45 நாள்ல அறுவடை. கட்டுறது, மிதவையைத் தள்ளுறது, ஈரப் பாசியைக் கரைக்கு இழுத்துட்டு வர்றது எல்லாமே தோள் செய்யுற வேலை. அதனால தோள் வலின்னு சொன்னா அங்க யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. யாருக்குத்தான் வலிக்கலை?

மாசி மாசம் வலி ஜாஸ்தியாகி, யாரோ சொன்னாங்கன்னு கைபிடிச்சு விடுறவர் ஒருத்தர்கிட்ட போயிருக்காங்க. அவர் கையைப் பிடிச்சு ஒரே இழுப்பு. அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்லை. அடுத்த நாள்லேர்ந்து கையைத் துண்டால நெஞ்சோட சேர்த்துக் கட்டிக்கிட்டாங்க. எனக்குப் போன் வந்தது. நான் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்குப் போற அவசரத்துல சொன்னேன்: "ரெஸ்ட் எடுங்க பெரியம்மா, கையை அசைக்காதீங்க, தானா சரியாயிடும்."

ஒருத்தர் இழுத்தார். இன்னொருத்தன் விட்டுடச் சொன்னான். ரெண்டுமே தப்பு. இந்த ரெண்டு தப்புக்கும் 150 வருஷ வரலாறு இருக்குன்னு எனக்கு அப்புறமாத்தான் தெரிஞ்சது. அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

முதல்ல, என்னதான் நடக்குது?

ஆங்கிலத்துல ஃப்ரோஸன் ஷோல்டர். உறைந்த தோள். நம்ம ஊர்ல "தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு".

தோள் மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும் மாதிரி. ஆனா கிண்ணம் ரொம்ப ஆழமில்லாதது. அதனாலதான் கை இத்தனை திசையில சுத்துது. அந்தப் பந்தையும் கிண்ணத்தையும் சுத்தி ஒரு பை மாதிரி உறை இருக்கு. கேப்சூல். ஜாக்கெட் தைக்கும்போது கையைத் தூக்க வசதியா அக்குள்ல கொஞ்சம் துணியைத் தளர்வா விடுவாங்க இல்லையா, அதே மாதிரி இந்த உறையும் அக்குள் பக்கம் மடிப்பு மடிப்பா தளர்வா இருக்கும். கையைத் தூக்கினா அந்த மடிப்பு விரியும்.

உறைந்த தோள்ல இந்த உறை முதல்ல வீங்கிச் சிவக்குது, அப்புறம் தடிச்சுச் சுருங்குது. சாதாரணமா 20 மில்லிக்கு மேல திரவம் கொள்ளுற இடம், 10 மில்லிகூடக் கொள்ளாத அளவுக்குக் குறுகிடும். அளவு சின்னதாகிப்போன ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டுக் கையைத் தூக்கிப் பாருங்க. அதுதான்.

இதை மத்த தோள் வலியிலேர்ந்து பிரிச்சுச் சொல்ல ஒரு எளிய வழி இருக்கு. தசைநார் கிழிஞ்சிருந்தா உங்களால கையைத் தூக்க முடியாது, ஆனா இன்னொருத்தர் மெதுவாத் தூக்கினா பெரும்பாலும் மேலே போகும். உறைந்த தோள்ல இன்னொருத்தர் தூக்கினாலும் ஒரு கட்டத்துல நின்னுடும். முழங்கையை இடுப்போட ஒட்டி வச்சுக்கிட்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்புறது முதல்லயே போயிடும். எக்ஸ்ரே எடுத்தா? பெரும்பாலும் எல்லாமே நார்மல். "எக்ஸ்ரேல ஒண்ணுமில்லை" அப்படீங்கற வார்த்தையால வீட்டுக்குத் திரும்பின கூட்டம் பெருசு.

பெரும்பாலும் 40லேர்ந்து 60 வயசுக்குள்ள வரும், பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். ஜப்பான்ல இதுக்குப் பேரே "ஐம்பது வயசுத் தோள்".

பேர் வைக்கிறதுக்கு முன்னாடி

வெள்ளைக்காரங்க பேர் வைக்கிறதுக்கு முன்னாடி இந்த நோய் இல்லையான்னா, தாராளமா இருந்தது. சுஸ்ருத சம்ஹிதையில அவபாகுகம்னு ஒண்ணு வருது: வாதம் தோள்ல போய்த் தங்கி, அங்க இருக்குற கட்டுகளை உலர்த்திச் சுருக்கிடுது என்கிற விளக்கம். நம்ம சித்த மருத்துவத்துல யூகி வைத்திய சிந்தாமணி வாத நோய்களை 80ஆகப் பிரிக்குது. அதுல கும்பவாதம்னு ஒண்ணு. தோளிலும் கையிலும் வலி, எரிச்சல். இன்னைக்கு சித்த மருத்துவக் கல்லூரிகள்ல உறைந்த தோளைப் பத்தி ஆய்வு செய்யுறவங்க அதைக் கும்பவாதத்தோடதான் பொருத்திப் பார்க்குறாங்க. பழைய நூல்ல சொன்ன நோயும் இன்னைக்கு ஸ்கேன்ல பார்க்குற நோயும் அச்சு அசல் ஒண்ணுன்னு நான் சொல்லலை. ஆனா தோள் இறுகிப்போறதைத் தனியா ஒரு நோயா அவங்க கவனிச்சிருக்காங்க.

வைத்தியம் என்ன? உள்ளுக்கு மருந்து ஒரு பக்கம். வெளியே எண்ணெய், நொச்சி இலை ஒற்றடம், அப்புறம் தொக்கணம். தொக்கணம்னா உடம்பைப் பிடிச்சு விடுறது. அது ஒன்பது வகை. தட்டல், இறுக்கல், பிடித்தல், அழுத்தல் இப்படிப் போகும் அந்தப் பட்டியல்ல "இழுத்தல்"னும் ஒண்ணு இருக்கு, "அசைத்தல்"னும் ஒண்ணு இருக்கு. இந்த ரெண்டு வார்த்தையையும் ஞாபகம் வச்சுக்கோங்க. இந்த எபிசோடு முழுக்க அதுதான் சண்டை. இழுக்கிறதா, அசைக்கிறதா?

பாரிஸ், 1872: உடைச்சு விடு

1872ல பாரிஸ்ல சிமோன் துப்ளே என்கிற அறுவை மருத்துவர் ஒரு கட்டுரை எழுதறார். அதுவரைக்கும் தோள் வலி எல்லாத்தையும் மூட்டுவாதம்னு ஒரே மூட்டையில கட்டிப் போட்டிருந்தாங்க. துப்ளே சொன்னது: எலும்பும் மூட்டுப் பரப்பும் நல்லா இருக்கும்போதே, சுத்தி இருக்குற மெல்லிய பாகங்கள் ஒட்டிக்கிட்டு தோள் இறுகலாம். மூட்டைச் சுத்தி வர்ற நோய்ங்கற அர்த்தத்துல பெரியார்த்ரைட்டிஸ்னு பேர் வச்சார். நம்ம ஊர்ல வயசான டாக்டர்கள் இன்னமும் "பெரியார்த்ரைட்டிஸ்"னு சீட்டுல எழுதறதைப் பார்த்திருப்பீங்க. அது 150 வருஷப் பழைய பேர்.

அவர் சொன்ன வைத்தியம்? ஒட்டிக்கிட்டிருக்கு, அதனால பிரிச்சு விடு. நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, கையைப் பிடிச்சுப் பலமா எல்லாத் திசையிலயும் திருப்புறது. அப்புறம் பயிற்சி. மயக்க மருந்து மருத்துவத்துக்கு வந்து அப்போ 25 வருஷம்தான் ஆகியிருந்தது. வலி தெரியாம இழுக்க முடியும்னு ஆனதும் இழுக்குறது ஒரு அதிகாரபூர்வமான சிகிச்சை ஆயிடுச்சு. மயக்க மருந்துல வச்சுத் தோளைத் திருப்புற இந்த முறை இன்னைக்கும் இருக்கு, சரியான ஆளுக்குச் சரியான நேரத்துல பலனும் கொடுக்குது. ஆனா அது ஆப்பரேஷன் தியேட்டர்ல, எந்தத் திசையில எவ்வளவு பலம்னு தெரிஞ்சவங்க செய்யுறது. திண்ணையில, முழிச்சிக்கிட்டு இருக்குறப்போ, இன்னும் வீங்கிச் சிவந்திருக்குற மூட்டைப் பிடிச்சு இழுக்குறது வேற விஷயம். அதுல எலும்பு உடைஞ்சவங்களும் உண்டு, மூட்டு விலகினவங்களும் உண்டு.

பாஸ்டன், 1934: தொங்க விடு

அடுத்த ஆள்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சவர். எர்னஸ்ட் கோட்மன். அமெரிக்காவுல பாஸ்டன் நகர அறுவை மருத்துவர். "உறைந்த தோள்"னு பேர் வச்சது இவர்தான், 1934ல, தோளைப் பத்தி மட்டுமே எழுதின ஒரு பெரிய புத்தகத்துல. அதைச் சொந்தச் செலவுல வெளியிட்டார்.

ஏன் சொந்தச் செலவு? அந்தக் கதை இந்த எபிசோடுக்கு முக்கியம். கோட்மனுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சை முடிஞ்ச பிறகும் குறைஞ்சது ஒரு வருஷம் பின்தொடரணும், சரியானாரா இல்லையான்னு பதிவு பண்ணணும், சரியாகலைன்னா ஏன்னு எழுதணும், அதை எல்லாரும் பார்க்கப் பிரசுரிக்கணும். நம்ம பாஷையில சொன்னா: டிப்ளாய் பண்ணிட்டுப் போகாதே, லாக்ஸைப் பாரு, பக் ரிப்போர்ட்டைப் பொதுவுல வை. இதை 1910கள்ல சொன்னார். தன்னோட சின்ன மருத்துவமனையில 1911லேர்ந்து 1916 வரைக்கும் டிஸ்சார்ஜ் ஆன 337 பேர்ல 123 தவறுகள் நடந்ததுன்னு தானே அச்சடிச்சு வெளியிட்டார். 1915ல ஒரு மருத்துவர் கூட்டத்துல பாஸ்டன் பெரிய டாக்டர்களைக் கிண்டல் பண்ணி ஒரு பெரிய கார்ட்டூனைத் திறந்து காட்டினார். அதோட பதவி போச்சு, நண்பர்கள் போனாங்க. 1940ல இறந்தப்போ கல்லறைக்கு ஒரு பெயர்க்கல்கூட இல்லை. 2014லதான் மருத்துவர்கள் சேர்ந்து வச்சாங்க.

அந்த மனுஷன் தோளுக்கு என்ன சொன்னார்? பலவந்தம் வேண்டாம். நோயாளியைப் படுக்க வச்சு, கையை உயர்த்தின நிலையில கட்டில் தலைமாட்டோட கட்டி வச்சார். அதோட, குனிஞ்சு கையைத் தொங்கவிட்டு ஆட்டுற பயிற்சி. நல்ல கையால மேஜையைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சா, வலிக்கிற கை ஊஞ்சல் மாதிரி தொங்கும். அதை முன்னும் பின்னும், வட்டமாவும் மெதுவா ஆட்டணும். தசைக்கு வேலை கொடுக்காம மூட்டு அசையும். புவியீர்ப்பே வேலை செய்யுது. இன்னைக்கும் எந்த பிசியோதெரபி அறைக்குப் போனாலும் முதல் நாள் சொல்லித் தர்ற பயிற்சி இதுதான். பேரே கோட்மன் பயிற்சி.

அவர் இன்னொண்ணும் சொன்னார். எவ்வளவு மோசமான தோளா இருந்தாலும், சிகிச்சை பண்ணினாலும் பண்ணாட்டாலும், ரெண்டு வருஷத்துல சரியாயிடும்னு. இந்த ஒரு வாக்கியம் உலகம் முழுக்கப் பரவிச்சு. பாஸ்டன்ல கிளம்பி, பல வாய் மாறி, 2023 மாசி மாசம் என் வாய் வழியா தங்கச்சிமடத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு. "தானா சரியாயிடும் பெரியம்மா."

ஊசி வந்த கதை

இடையில ரெண்டு திருப்பம். 1945ல ஜூலியஸ் நெவியாசர் என்கிற அமெரிக்க மருத்துவர் இந்தத் தோள்களைத் திறந்து பார்த்து, பிரச்சினை மூட்டு உறையிலதான்னு காட்டினார். தோல்ல ஒட்டின பிளாஸ்திரியை உரிக்கிற மாதிரி அந்த உறை எலும்புலேர்ந்து உரிஞ்சு வந்ததாம்.

அடுத்து 1948 செப்டம்பர். அமெரிக்காவுல மாயோ கிளினிக். பிலிப் ஹென்ச் என்கிற மருத்துவர் முடக்குவாதத்தால நடக்கவே சிரமப்பட்ட 29 வயசுப் பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாள்ல அந்தப் பெண் எழுந்து கடைத்தெருவுக்குப் போனார். 1950ல நோபல் பரிசு. 1951ல ஜோசப் ஹொலாண்டர் அந்தக் குடும்பத்து மருந்தை நேரா மூட்டுக்குள்ளயே போடலாம்னு காட்டினார். இப்போ டாக்டர் "ஸ்டீராய்டு ஊசி போடலாமா"ன்னு கேட்குறாரே, அதோட ஆரம்பம் இதுதான். 1965ல சுவீடன்ல ஆண்ட்ரேன், லுண்ட்பெரி ரெண்டு பேரும் சுருங்கின உறைக்குள்ள திரவத்தைச் செலுத்தி அதை விரிக்கிற முறையைப் பிரசுரிச்சாங்க. காத்து இறங்கின பலூனை ஊதுற மாதிரி.

ஆக 1965க்குள்ள எல்லாக் கருவியும் வந்தாச்சு: இழு, தொங்க விடு, ஊசி போடு, ஊது, இல்லைன்னா சும்மா விடு. எது நல்லது? யாருக்கும் தெரியாது. ஏன்னா யாரும் எண்ணலை.

எண்ண ஆரம்பிச்சாங்க

இங்கதான் கதை அழகாத் திரும்புது. கோட்மனோட வாக்கியத்தைக் கோட்மனோட முறையே சோதிச்சது.

1975ல ரீவ்ஸ் என்கிற பிரிட்டிஷ் மருத்துவர் 41 நோயாளிகளை 5லேர்ந்து 10 வருஷம் வரைக்கும் பின்தொடர்ந்து எழுதினார். வலிக்கிற கட்டம், இறுகுற கட்டம், இளகுற கட்டம்னு மூணு கட்டம். சராசரி கால அளவு 30 மாசம். ரெண்டு வருஷம் இல்லை, ரெண்டரை. கடைசியில முழுசாச் சரியானவங்க 16 பேர்தான். பெரும்பாலான மத்தவங்களுக்கு அன்றாட வேலைக்கு இடைஞ்சல் இல்லை, ஆனா கை பழையபடி போகலை. மூணு பேருக்குக் கடுமையான குறை நின்னுபோச்சு. 1992ல அமெரிக்காவுல 62 பேரைச் சராசரியா 7 வருஷம் கழிச்சுக் கூப்பிட்டுப் பார்த்தாங்க. பாதிப் பேருக்கு லேசான வலியோ இறுக்கமோ மிச்சம் இருந்தது.

"தானா சரியாயிடும்" முழுப் பொய் இல்லை. பெரும்பாலானவங்களுக்கு வாழ்க்கை திரும்ப ஓடிடுது. ஆனா முழு உண்மையும் இல்லை. தினமும் ஈரப் பாசியை இழுக்குற ஒருத்தருக்கு முப்பது மாசம்ங்கறது புள்ளிவிவரம் இல்லை, ரெண்டரை வருஷக் கூலி.

சரி, அப்போ ஆரம்பத்துலயே பலமா பிசியோதெரபி பண்ணிட்டா? 2004ல நெதர்லாந்துல 77 பேரை வச்சு ஒரு ஆய்வு. ஒரு குழுவுக்கு வலியைத் தாண்டியும் இழுத்து நீட்டுற தீவிரப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு நோயைப் பத்தி விளக்கம், வலி தாங்குற எல்லைக்குள்ள மெதுவான அசைவு, முடிஞ்ச வேலையைச் செய்யச் சொல்லி அனுமதி. ரெண்டு வருஷ முடிவுல கிட்டத்தட்ட இயல்பான தோளோட இருந்தவங்க: தீவிரக் குழுவுல 63 சதவீதம், மென்மைக் குழுவுல 89 சதவீதம். வலிக்க வலிக்க இழுத்தவங்கதான் பின்தங்கினாங்க.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2003ல, கனடாவுல 93 பேரை வச்சு ஒரு ஆய்வு. மூட்டுக்குள்ள ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசி, கூடவே வீட்டுல செய்யுற எளிய பயிற்சி. வலியும் முடக்கமும் சீக்கிரம் குறைஞ்சது. ஆனா ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா எல்லாக் குழுவும் ஏறக்குறைய ஒரே இடத்துல. அதாவது ஊசியோட லாபம் முதல் சில மாசங்கள்ல. தூக்கம் வராத அந்த மாசங்கள்ல.

2020ல லான்செட் இதழ்ல இங்கிலாந்து ஆய்வு வந்தது. 503 பேர். ஊசியோட சேர்ந்த பிசியோதெரபி, மயக்க மருந்துல திருப்புறது, துளைவழி அறுவையில உறையை வெட்டி விடுறது, மூணையும் நேருக்கு நேர் நிறுத்தினாங்க. மூணுலயும் முன்னேற்றம் இருந்தது. எதுவும் மத்ததை மருத்துவ ரீதியா தெளிவா ஜெயிக்கலை. அப்போ சுலபமா, ஆபத்து குறைவா, சீக்கிரமாக் கிடைக்குறதுல ஆரம்பிக்கிறதுதானே புத்தி?

வலி கட்டத்துல வலியை அடக்கணும். மாத்திரையோ ஊசியோ, டாக்டர் முடிவு. கையைக் கட்டி வைக்கக் கூடாது. இழுக்கவும் கூடாது. வலி எல்லைக்குள்ள தினமும் அசைக்கணும். ஒன்பது வகைத் தொக்கணத்துல ஆரம்ப நாட்களுக்கான வார்த்தை "அசைத்தல்". பெரிய முறைகள் எல்லாம் பின்னால, தேவைப்பட்டாத்தான்.

சர்க்கரை

இப்போ ஜூலை 2023. நான் ஊருக்குப் போனப்போ பெரியம்மா ஜாக்கெட் போடாம நைட்டியிலயே இருந்தாங்க. எப்பவும் அப்படி இருக்க மாட்டாங்க. அப்போதான் அந்தப் பூ ஞாபகம் வந்தது. ராமநாதபுரத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு எலும்பு டாக்டரைப் பார்த்தோம். அவர் தோளைத் தொடுறதுக்கு முன்னாடியே கேட்டார், "சுகர் பார்த்திருக்கீங்களா அம்மா?" பார்த்ததே இல்லை. விரல்ல குத்திப் பார்த்தா 280க்கு மேல.

இதுக்கும் வரலாறு உண்டு. 1972ல பிரிட்ஜ்மன் என்கிற மருத்துவர் 800 சர்க்கரை நோயாளிகளோட தோளைப் பார்த்தார், சர்க்கரை இல்லாத 600 பேரையும் பார்த்தார். சர்க்கரை உள்ளவங்கள்ல 10.8 சதவீதம் பேருக்கு இந்தத் தோள் நோய். இல்லாதவங்கள்ல 2.3 சதவீதம். ரத்தத்துல சர்க்கரை நீண்ட நாள் அதிகமா இருந்தா மூட்டு உறையில இருக்குற கொலாஜன் இழைகளோட அது ஒட்டி, அதை விறைப்பாக்குதுன்னு ஒரு விளக்கம் இருக்கு. சர்க்கரை உள்ளவங்களுக்கு இது வந்தா சரியாக இன்னும் நாளாகும், ரெண்டு தோளும் பாதிக்கிற வாய்ப்பும் அதிகம்.

சென்னை ஆராய்ச்சியாளர்களும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து நடத்தி 2023ல வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வுப்படி இந்தியாவுல சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. அதுல எத்தனை பேர் தனக்கு இருக்குறது தெரியாம இருப்பாங்க? சிலருக்கு முதல் நோட்டிபிகேஷன் தோள்லேர்ந்துதான் வருது. நான் அதை ஸ்வைப் பண்ணித் தள்ளிவிட்டேன். மாசியில நான் "ரெஸ்ட் எடுங்க"ன்னு சொல்றதுக்குப் பதிலா "சுகர் டெஸ்ட் எடுங்க"ன்னு சொல்லியிருந்தா அஞ்சு மாசம் முன்னாடியே மாத்திரை ஆரம்பிச்சிருக்கும். தோளை விடுங்க, கண்ணுக்கும் கிட்னிக்கும் அது அஞ்சு மாசம்.

ஊசி போட்டாங்க. ஸ்டீராய்டு ஊசி சர்க்கரையைச் சில நாள் ஏத்தும்ங்கறதால முன்னாடியே மாத்திரையைச் சரி பண்ணி, அந்த வாரம் முழுக்க டெஸ்ட் எடுக்கச் சொன்னார்.

தீவுக்கு வந்து சேர்ற வைத்தியம்

ஆரம்பத்துலயே சிகிச்சைன்னு சுலபமாச் சொல்லிடறோம். ஒரு தீவுல அதுக்கு என்ன அர்த்தம்னு யோசிங்க. பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரியில திறந்தது. அதுல கார், பஸ் போக முடியாது. சாலைப் பாலம் 1988லதான் வந்தது. அது வரைக்கும் ராமேஸ்வரம் தீவுல ஒருத்தருக்குத் தோள் பிடிச்சா பெரிய ஆஸ்பத்திரின்னா ரயில் ஏறி மதுரை, சுமார் 160 கிலோமீட்டர். தோள் வலிக்காக யார் போவாங்க? உயிர் போற நோய்க்கே போக யோசிப்பாங்க. அதனால பக்கத்துல இருக்குறவர்கிட்ட போனாங்க. அவர் இழுத்தார். எங்க பெரியம்மா 2023ல திண்ணைக்குப் போனது முட்டாள்தனம் இல்லை. மூணு தலைமுறைப் பழக்கம்.

இப்போ நிலைமை மாறிக்கிட்டு இருக்கு. 2022 ஜனவரியில தமிழ்நாட்டுல ஒரே நாள்ல திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகள்ல ராமநாதபுரமும் ஒண்ணு. 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சர்க்கரை, பிரஷர் மாத்திரையோட இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருது. எனக்கு இது ஆச்சரியமான பொருத்தமாத் தெரியுது. உறைந்த தோளுக்குத் தேவையான ரெண்டு விஷயம், சர்க்கரைக் கட்டுப்பாடும் பயிற்சியும், ஒரே திட்டத்துல.

பயிற்சிக்குக் கருவிகூட வேண்டாம். பெரியம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தது நாலு. குனிஞ்சு கையைத் தொங்கவிட்டு ஆட்டுறது. சுவத்துல விரலால படி ஏறுற மாதிரி மேலே போறது. முதுகுக்குப் பின்னாடி துண்டை நல்ல கையால மெதுவா மேலே இழுக்குறது. இது வலி அடங்கின பிறகு. நாலாவது, கப்பி. கயித்தைக் கப்பியில போட்டு நல்ல கையால இழுத்தா வலிக்கிற கை தானா மேலே போகும். பிசியோதெரபி அறைகள்ல இதைச் சுவத்துல மாட்டி வச்சிருப்பாங்க. பெரியம்மா பார்த்துட்டுச் சிரிச்சாங்க. "அப்பு, இது கெணத்துக் கப்பிதானப்பு." பழைய கிணத்துக் கப்பியைக் கழட்டி விட்டத்துல கட்டிக்கிட்டாங்க. வாளி மட்டும் இல்லை.

முடிவுல என்ன ஆச்சு?

ஊசிக்கு அப்புறம் தூக்கம் ரெண்டு வாரத்துல திரும்புச்சு. இறுக்கம் அப்படிப் போகலை. ஒரு வருஷம் ஆச்சு, 2024 ஆடியில கொண்டை போட. முதுகுப் பக்கம் கை இன்னும் முழுசாப் போகாது. முன்னால ஹூக் வச்ச ஜாக்கெட்தான். பாசி வேலையில இப்போ கயிறு கட்டுறாங்க, மிதவை இழுக்குறதில்லை. சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு. ஆக கோட்மன் சொன்ன மாதிரி முழுசாச் சரியாகலை, ரீவ்ஸ் எண்ணின பெரும்பான்மையில ஒருத்தர். சீக்கிரம் ஆரம்பிச்சிருந்தா முழுசாத் திரும்பியிருக்குமான்னு நிச்சயமாச் சொல்ல யாராலும் முடியாது. ஆனா தூக்கம் இல்லாத அஞ்சு மாசத்தைக் குறைச்சிருக்கலாம். அது என் கணக்குல வர்ற தவறு. கோட்மன் மாதிரி அச்சடிச்சு வைக்கிறேன், அவ்வளவுதான்.

உங்க வீட்டுல யாராவது தலை சீவ ஆள் கூப்பிட்டா, சட்டைக்குள்ள கையை விடச் சிரமப்பட்டா, ராத்திரி ஒரு பக்கமாப் படுக்க முடியலைன்னு சொன்னா, போட்டோ எடுக்காதீங்க. முழங்கையை இடுப்போட ஒட்டி வச்சு முன்கையை வெளியே திருப்பச் சொல்லிப் பாருங்க. நின்னுபோச்சுன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, போற வழியிலயே சுகர் டெஸ்ட் எடுத்துடுங்க. அதுவரைக்கும் யாரையும் இழுக்க விடாதீங்க. கையைக் கட்டியும் வைக்காதீங்க.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். பூக்காரம்மா வந்தாங்க. பெரியம்மா ஒரு முழம் வாங்கி, கண்ணாடி முன்னாடி நின்னு, முகத்தைச் சுளிச்சுக்கிட்டே தானே வச்சுக்கிட்டாங்க. கொஞ்சம் கோணலா இருந்துச்சு. தங்கச்சி சரி பண்ணப் போனா. "இருக்கட்டும் விடுத்தா" அப்படீன்னாங்க.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.